புதுச்சத்திரத்துப் பட்டாளம்

"தம்பி, நம்ம பட்டாளத்துக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சுடா. உடனே பொறப்பட்டு வா!"

காலை ஆறு மணிக்கு இப்படி ஒரு போன் வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? என் கையிலிருந்த காபி டம்ளர் ஆடிற்று. எந்தப் பட்டாளம், எந்த எல்லையில், யார் ஒடித்தார்கள் என்று நான் கேட்பதற்குள் அக்கா, "மொத்தம் பத்தொம்பது பேரு. எல்லாரும் ரெண்டு ரெண்டாக் கெடக்குறாங்க" என்று சொல்லி மூக்கை உறிஞ்ச ஆரம்பித்து விட்டாள்.

பிறகுதான் புரிந்தது. அவள் சொன்னது பொம்மைப் பட்டாளம். என் மருமகன் சின்ன வயசில் சேர்த்து வைத்த பிளாஸ்டிக் வீரர்கள்.

அம்பத்தூரில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டி ரிடையர் ஆனவன் நான். அதனால் எங்கள் குடும்பத்தில் பிளாஸ்டிக் சம்பந்தப்பட்ட சகல வியாதிகளுக்கும் நான்தான் டாக்டர். குடத்தில் ஓட்டை, நாற்காலியில் விரிசல், டிபன் பாக்ஸ் மூடி பிடிக்கவில்லை... எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் போன். ஃபீஸ் கிடையாது. வைத்தியம் பலிக்காவிட்டால் திட்டு மட்டும் உண்டு.

இந்த கேஸ் கொஞ்சம் சீரியஸ். சித்திரையில் மருமகன் ஜெர்மனியிலிருந்து வருகிறான். கூடவே ஏழு வயசுப் பையன். "அம்மா, என் பொம்மையெல்லாம் பத்திரமா இருக்குதா? பையனுக்குக் காட்டணும்" என்று கேட்டிருக்கிறான். அக்காவும் பெட்டியைத் திறந்து பார்க்காமலேயே, "எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்குது சாமி" என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் பரண் மேல் ஏறியிருக்கிறாள்.

பெட்டி எடுத்தேன். ரயில் ஏறினேன்.

* * *

புதுச்சத்திரம் என்றால் உடனே "ஓ, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் வருமே, அந்த ஊரா?" என்பீர்கள். அது வேறு. ஒரு தீபாவளிக்கு நான் அக்காவுக்கு அனுப்பிய மணியார்டரில் பின்கோடைத் தப்பாக எழுதித் தொலைத்தேன். சீர்ப் பணம் சிதம்பரம் பக்கம் போய்ச் சுற்றிவிட்டுப் பொங்கல் கழித்துத் திரும்பி வந்தது. அந்தக் கதையை அக்கா இன்னும் மறக்கவில்லை. என்னையும் மறக்க விடவில்லை.

எங்கள் புதுச்சத்திரம் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பெரிய ரோட்டில், ஆண்டகளூர் கேட் தாண்டி வரும். அந்தக் காலத்தில் சேலம் ஜில்லா. 1997 ஜனவரி முதல் தேதியிலிருந்து நாமக்கல் தனி மாவட்டம். ரோட்டுக்கும் பெயர் மாறிவிட்டது. காசியிலிருந்து கன்னியாகுமரிக்குப் போன என்.ஹெச். 7, இப்போது ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற என்.ஹெச். 44. இந்தியாவிலேயே நீளமான நெடுஞ்சாலை. இவ்வளவு பெரிய ரோட்டில் இருந்து என்ன புண்ணியம்?

"புதுச்சத்திரம் நிக்காது!"

சேலத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கண்டக்டர் சொல்லிவிட்டார். என் முகத்திலேயே ஊர்ப் பெயர் எழுதியிருக்கும் போல. இரண்டாவது பஸ்ஸிலும் அதே பதில். மூன்றாவது பஸ் கண்டக்டர் நல்ல மனுஷர். "நிக்கும், ஏறுங்க. ஆனா உக்கார எடமில்லீங்" என்றார். நின்றுகொண்டே போனேன். பஸ்ஸும் நின்று நின்று போயிற்று. கணக்கு சரியாகிவிட்டது.

சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்குகிற இடம். புதுச்சத்திரம் என்று பெயர் வைத்தவர்கள் அது என்றைக்கும் புதுசாகவே இருக்கும் என்று நினைத்திருப்பார்கள் பாவம். இப்போது வழிப்போக்கர்கள் நாலு வழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்விடுகிறார்கள். ஆனால் சர்வீஸ் ரோட்டில் இறங்கி நடந்தீர்கள் என்றால் ஊர் ஊராகத்தான் இருக்கிறது. கிழக்கே நீலப் புகை மாதிரி கொல்லிமலை. பக்கத்துக் காடுகளில் நீள நீளமான கோழிப் பண்ணைகள். முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு போகிற லாரிகள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை மூக்கே சொல்லிவிடும்.

அக்கா வீடு ஓட்டு வீடு. 1998-ல் பின்பக்கம் மட்டும் ஒரு தார்சு அறை கட்டினார்கள். அந்த அறையின் பரண்தான் பட்டாளத்தின் முகாம்.

* * *

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். நாமக்கல் பாடி என்றால் வடக்கே வரைக்கும் மதிப்பு. மாமா கையால் ஆணி அடித்த லாரிகள் எத்தனையோ மாநிலங்களில் ஓடியிருக்கின்றன. அப்படிப்பட்டவருக்கு மூன்றே முக்கால் அங்குல பொம்மை ஒரு பொருட்டா?

"வாங்க மாப்ள. பொம்மை டாக்டரு வந்துட்டாருடீ!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு மறுபடி பேப்பரில் முட்டை விலை பார்க்கப் போய்விட்டார்.

இந்தப் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்த குற்றவாளி நான்தான் என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறேன். 1990-ல் மருமகனுக்கு ஆறு வயசு. மெட்ராஸிலிருந்து வரும்போது ஒரு ஜி.ஐ. ஜோ பொம்மை வாங்கி வந்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, யாரு வந்துருக்காங்க?" என்பான். நான் வந்தது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. என் பையில் யார் வந்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஜி.ஐ. ஜோ அமெரிக்கக்காரன். 1964-ல் ஹாஸ்ப்ரோ கம்பெனி பன்னிரண்டு அங்குல உயரத்தில் விட்டது. 1982-ல் மூன்றே முக்கால் அங்குலமாகக் குறுகி மறு அவதாரம் எடுத்தான். நம் ஊருக்கு அவனைக் கொண்டு வந்தது ஃபன்ஸ்கூல். எம்.ஆர்.எஃப். கம்பெனியும் ஹாஸ்ப்ரோவும் கூட்டுச் சேர்ந்து 1987-ல் ஆரம்பித்தது. கோவாவில் ஃபாக்டரி. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். எம்.ஆர்.எஃப். 1946-ல் மெட்ராஸில் விளையாட்டு பலூன் செய்கிற சின்னத் தொழிலாகத்தான் தொடங்கியது. பலூனில் ஆரம்பித்து, லாரி டயருக்குப் போய், நாற்பது வருஷம் கழித்துத் திரும்பவும் பொம்மைக்கு வந்தார்கள்!

அமெரிக்காவில் பச்சைச் சட்டை போட்டிருந்த வீரர் இங்கே மஞ்சளோ ஆரஞ்சோ போட்டுக்கொண்டு வருவார். அப்போது அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்றைக்கு வெளிநாட்டில் பொம்மை சேகரிக்கிறவர்கள் அந்த இந்தியக் கலர்களுக்காகத்தான் அலைகிறார்கள்.

ஆக, ஜி.ஐ. ஜோ முப்பத்திரண்டு பேர். தூர்தர்ஷனில் பார்த்த மயக்கத்தில் சேர்த்த ஹீ-மேன் கோஷ்டி ஐந்து பேர். மொத்தம் முப்பத்தேழு.

இல்லை, முப்பத்தாறு. ஒன்று போய்விட்டது.

அது எப்படிப் போனது என்பது எங்கள் வீட்டில் யாரும் பேசாத விஷயம். 2001-ல் மருமகன் ப்ளஸ் டூ. அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்துவிட்டது. பட்டறையிலிருந்து களைத்து வந்த மாமா, பையன் மேஜை மேல் பொம்மை நிற்பதைப் பார்த்தார். எடுத்தார். ஜன்னல் வழியாக இருட்டில், சோளக்காட்டுப் பக்கம் ஒரே வீசு. அது நான் வாங்கிக் கொடுத்த முதல் பொம்மை. பையன் அழவில்லை, கத்தவில்லை. மீதி முப்பத்தாறையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, அம்மாவிடம் கொடுத்து, "மேல வெச்சுருங்கம்மா" என்றான்.

அன்றைக்கு மூடியது பெட்டி மட்டும் இல்லை. அப்பாவும் பிள்ளையும் சண்டை போட்டுக்கொண்டதே கிடையாது. பேசிக்கொண்டதும் அதிகம் கிடையாது. "அப்பா மாத்திரை சாப்பிட்டாரான்னு கேளும்மா" என்பான் அவன். "அங்க குளிரு எப்பிடின்னு கேளுடி" என்பார் இவர். நடுவில் அக்காதான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். இருபது வருஷத்துக்கு மேலாக டியூட்டி, லீவே இல்லை.

* * *

பெட்டியைத் திண்ணையில் வைத்துத் திறந்தேன். முதலில் வந்தது வாசனை. அந்துருண்டை!

"பட்டுச் சேலைக்குப் போடறாப்பல போட்டேன்டா. வருசா வருசம் புதுசு போட்டேன்" என்றாள் அக்கா பெருமையாக.

"போடும்போது பொம்மையைப் பார்க்கலியா?"

"கையை மட்டும் உட்டுப் போட்டுட்டு மூடிருவேன்."

அந்துருண்டை பட்டுக்கு நல்லது. பிளாஸ்டிக்குக்கு ஆகாது. அந்த ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிப் பிசுபிசுப்பாக்கி விடும். போதாததற்கு ஒவ்வொரு வீரரையும் ஒரு கேரி பேக்கில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் தடை செய்த சரக்கு அத்தனையும் எங்கள் அக்கா பரணில்தான் இருந்திருக்கிறது!

ஹீ-மேன் நிலைமை இன்னும் மோசம். அவரைப் பேப்பரில் சுருட்டியிருந்தாள். அவர் தலை மெத்தென்ற பி.வி.சி. அந்த மை அப்படியே இழுத்துக்கொண்டு கன்னத்தில் அச்சாகி இருந்தது. கண்ணாடியில் காட்டிப் படித்தேன். அன்றைய நாமக்கல் முட்டை விலை. உலகத்தைக் காப்பாற்ற வாள் தூக்கியவர் கன்னத்தில் முட்டை ரேட்டோடு நிற்கிறார்!

இன்னொருவருக்கு முகமே இல்லை. மூக்கு, கண், மீசை எல்லாம் குழைந்து நுங்கு மாதிரி இருந்தது.

"இது என்னக்கா?"

அக்கா முந்தானையைத் திருகினாள். "அழுக்குப் போகட்டுமின்னு... எதிர்வூட்டுப் புள்ள நகப்பாலீஸ் அழிக்கற தண்ணி ஒண்ணு குடுத்துச்சு."

அசிட்டோன்! ஜி.ஐ. ஜோ உடம்பு ஏ.பி.எஸ். என்கிற கெட்டி பிளாஸ்டிக். அசிட்டோன் பட்டால் கரையும். தின்னரும் அப்படித்தான். பெட்ரோலும் வேண்டாம். சோப்புத் தண்ணீர், மெல்லிசான பழைய பிரஷ். இதற்கு மேல் இந்த வீரர்களுக்கு வைத்தியம் தேவையில்லை. பேப்பரை மறைத்துப் பிடித்திருந்த மாமா அப்போது முதல் தடவையாகப் பேசினார். "நான் வேண்டாம் வேண்டாம்னு கத்துனேன் மாப்ள. துணியில தொடைச்சாப் போதும்னேன். கேட்டாளா?"

இவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

இனி முக்கியமான இடுப்பு விவகாரம். ஜி.ஐ. ஜோவின் முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ. கழற்றினால் மார்பு ஒரு பாதி, முதுகு ஒரு பாதி. உள்ளே ஒரு சின்ன ரப்பர் வளையம். மேல் முனை மார்புக்குள் ஒரு குச்சியில் மாட்டியிருக்கும். கீழ் முனை இரண்டு கால்களையும் சேர்க்கிற இரும்புக் கொக்கியில் மாட்டியிருக்கும். வளையம் இழுத்துப் பிடிப்பதால்தான் வீரர் நிமிர்ந்து நிற்கிறார், உட்காருகிறார், இடுப்பைத் திருப்புகிறார். ரப்பர் பாவம், ராத்திரி பகல் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. காற்றிலிருக்கிற ஆக்ஸிஜனும் ஓசோனும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. தார்சு அறைப் பரண் சித்திரை வெயிலில் அடுப்பு மாதிரி. ஒருநாள் பட்டென்று அறுகிறது. வீரர் இரண்டு துண்டு.

"பிளாஸ்டிக்கு அழியவே அழியாதுன்னுதானே டீவீல சொல்றாங்க?" என்றாள் அக்கா, ஏமாந்தவள் குரலில்.

நியாயமான கேள்வி. முப்பத்தோரு வருஷம் பிளாஸ்டிக்கோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன், கேளுங்கள். குப்பைமேட்டில் அது அழியாது. பீரோவில் அது நிலைக்காது. மக்கி மண்ணாகாது என்பது உண்மை. ஆனால் மஞ்சளடிக்கும், விரிசல் விடும், வியர்க்கும், ஒடியும். நாம் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற உருவத்தில் மட்டும் இருக்காது!

வியர்க்கும் என்றேனே, அதுவும் நிஜம். பி.வி.சி.யை மெத்தென்று ஆக்குவதற்கு பிளாஸ்டிசைசர் என்று ஒரு எண்ணெய்ச் சரக்கு கலப்பார்கள். வருஷக்கணக்கில் அது மெல்ல வெளியே கசியும். அதுதான் பழைய பொம்மை தொட்டால் பிசுபிசுக்கிற காரணம். அக்கம்பக்கத்தில் இருக்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கையும் அது கெடுத்துவிடும். அதனால் மெத்து ஆளையும் கெட்டி ஆளையும் ஒட்டி நிறுத்தக் கூடாது.

"மாமியா மருமக மாதிரி" என்றார் மாமா. அக்கா முறைத்தாள்.

இது ஏதோ புதுச்சத்திரத்துக்கு மட்டும் வந்த கஷ்டம் என்று நினைக்காதீர்கள். 1969-ல் நிலாவில் நடந்தாரே ஆர்ம்ஸ்ட்ராங், அவர் போட்டிருந்த உடுப்புக்கும் இதே வியாதி. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது. உள்ளே ரப்பர் இறுகிப் போகிறது. விண்வெளி உடுப்புகளில் ஓடுகிற பிளாஸ்டிக் குழாய்கள் கசிந்து கறை படுகிறது. 2015-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் ஆர்ம்ஸ்ட்ராங் உடுப்பைப் பக்குவம் பார்த்தார்கள். 2019-ல், நிலாப் பயணத்தின் ஐம்பதாவது வருஷத்தில், மறுபடி பார்வைக்கு வைத்தார்கள். அவ்வளவு பெரிய மியூசியமே குளுமை, நிழல், மட்டான ஈரம் என்று மூன்று மந்திரத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"அப்ப இதுகளையும் காப்பாத்தலாங்கிறே?" என்றாள் அக்கா.

"ரப்பர் வளையம் கிடைத்தால் காப்பாற்றலாம்."

மாமா பேப்பரை மடித்து வைத்தார். "நாமக்கல் போலாம் வாங்க" என்றார்.

* * *

வெளிநாட்டில் இதற்கென்றே வளையம் விற்கிறார்கள். நாமக்கல்லில் அதெல்லாம் தேவையே இல்லை. லாரியும் அதற்கு வேண்டிய உதிரி பாகமும் இந்த ஊரின் உயிர். ஓ-ரிங் கிடைக்காவிட்டால் நாமக்கல்லே நின்றுவிடும். அறுந்த வளையம் ஒன்றை ஒரு கவரில் போட்டு சாம்பிளாக எடுத்துக்கொண்டேன்.

கடையில் ஒரு பையன்.

"ஓ-ரிங் வேணும் தம்பி."

"என்ன வண்டிங்ணா?"

"வண்டி இல்லை..."

"கம்ப்ரஸருங்ளா? போர்வெல்லுங்ளா?"

"பொம்மை" என்றேன்.

கடையில் நின்றிருந்த நாலு டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையன் முகத்தில் சலனமே இல்லை. "எந்த மாடலுங்ணா?" என்றான். வியாபாரம் என்றால் இப்படி இருக்க வேண்டும்!

நான் கவரைத் தேடி எடுப்பதற்குள் மாமா உள்ளே எட்டிப் பார்த்து, "அந்த மூணாவது டப்பா. அதுல ரெண்டாவது கட்டம். கறுப்பு வேண்டாம், சிலிக்கான் இருந்தாக் குடு. அதான் ரொம்ப நாளைக்குக் கெட்டுப் போவாது" என்றார். பையன் எடுத்து வைத்தான். என் சாம்பிளோடு வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் அதே அளவு.

"எப்படி மாமா?"

"நாப்பது வருசம் பட்டறையில இருந்தவனுக்கு கண்ணுதான் மாப்ள ஸ்கேலு" என்றார். நான் நம்பினேன். மூன்று டஜன் வாங்கினோம். ஒன்று இரண்டு ரூபாய். வீட்டுக்கு வருகிற வழியில் டீயும் வடையும் சாப்பிட்டதுதான் அதிகச் செலவு.

* * *

அன்றைக்குச் சாயங்காலம் திண்ணையில் ஆபரேஷன் தியேட்டர். சாவகாசமாக, மாமா ஸ்க்ரூ கழற்ற, நான் கழுவ, அக்கா துடைக்க.

கழுவுவதற்கு முன்னால் பிரித்துவிட வேண்டும். உள்ளே தண்ணீர் நின்றால் ஸ்க்ரூவும் கொக்கியும் துருப்பிடிக்கும். துரு பிளாஸ்டிக்கில் ஏறினால் போகாது. கழுவியதை வெயிலில் காய வைக்கக் கூடாது. திண்ணை நிழல், நூல் துணி, அவ்வளவுதான். வளைந்துபோன கத்திகளைச் சுடுதண்ணீரில் கொஞ்சம் முக்கி, நேராக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டோம். நிமிர்ந்துகொண்டன. கட்டை விரல்தான் ஜாக்கிரதை. வயசான பொம்மையின் கையில் துப்பாக்கியைத் திணித்தால் கட்டை விரல் ஒடிந்துவிடும். "அப்ப இனிமே நிராயுதபாணிதான்" என்றார் மாமா. நல்லதுதானே!

வெள்ளை உடுப்புக்காரர் ஒருவர் நன்றாக மஞ்சளடித்திருந்தார். வெளிச்சமும் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை. ஹைட்ரஜன் பெராக்ஸைடு தடவி வெளிச்சத்தில் வைத்தால் வெளுக்கும், செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மறுபடி மஞ்சளடிக்கலாம், பொம்மையும் பலம் குறையலாம். "உட்டுருங்க மாப்ள. நரைச்சாலும் ஆளு அதே ஆளுதானே" என்று மாமா தன் தலையைத் தடவிக்கொண்டார்.

அறுந்த பத்தொன்பதோடு, அறுகிற நிலையில் இருந்த பன்னிரண்டுக்கும் சேர்த்து வளையம் மாட்டினோம். மாமா விரல்கள் லாரி அடிச்சட்டத்துக்கு ஆணி அடித்த விரல்கள். வாழைப்பூக் காம்பு மாதிரி தடித்தவை. அந்த விரல்களில் இந்தச் சுண்டைக்காய் வளையம் நழுவாமல் போய் உட்கார்ந்த அழகு இருக்கிறதே! எனக்கு ஒன்று மாட்ட பத்து நிமிஷம் ஆனது. அவருக்கு ஒரு நிமிஷம்.

ஏழரை மணிக்கு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். முகமிழந்தவரையும் ஓரமாக நிறுத்தினோம். ஹீ-மேன் மட்டும் முட்டை விலையைக் கன்னத்திலேயே வைத்துக்கொண்டார். மை உள்ளே ஊறிவிட்டால் எடுக்க முடியாது.

அக்கா எண்ணினாள். "முப்பத்தாறு." கொஞ்ச நேரம் கழித்து, "வந்தா அவனும் எண்ணுவான்" என்றாள் யாரையும் பார்க்காமல்.

மாமா எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் அவருடைய பட்டறை டூல்ஸ் பெட்டி. திறந்து, ஸ்பேனர்களைத் தள்ளி, அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார். டப்பாவுக்குள் பழைய பனியன் துணி. துணிக்குள்...

1990-ல் நான் வாங்கி வந்த பொம்மை. இடது கையில் கட்டை விரல் இல்லை. மற்றபடி முழு ஆள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு ராத்திரியே டார்ச்சு எடுத்துட்டுப் போயித் தேடுனேன்" என்றார் மாமா. "கெடைக்கல. சோளம் அறுக்கறப்பத்தான் மண்ணுல கெடந்துச்சு."

"அப்பவே குடுத்திருக்கலாமே மாமா?"

"குடுக்கலாம்னுதான் மாப்ள எடுத்து வெச்சேன். பரீச்சை முடியட்டும்னு பார்த்தேன். முடிஞ்சதும் ஹாஸ்டலுக்குப் போயிட்டான். அப்பறம் வேலை. அப்பறம் கல்யாணம். ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை குடுத்துக்கலாம்னு..." சொல்லிக்கொண்டே பொம்மையின் இடுப்பைத் திருப்பிப் பார்த்தார். சுகமாகத் திரும்பியது. "ரெண்டு தடவை ரிங்கு மாத்திட்டேன்."

மூணாவது டப்பா, ரெண்டாவது கட்டம்!

வெளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். முப்பத்தேழு பேரில் இதுதான் நல்ல நிலைமையில் இருந்தது. நிறம் மங்கவில்லை. பிசுபிசுப்பு இல்லை. விரிசல் இல்லை. ஓட்டு வீட்டின் குளுமை, டப்பாவின் இருட்டு, நூல் துணி, கேரி பேக் கிடையாது, அந்துருண்டை கிடையாது. அவ்வப்போது எடுத்துத் துடைக்க ஒரு கை. எந்த மியூசியம் இதற்கு மேல் செய்துவிடப் போகிறது?

"ஓடாத வண்டியோட டயருதான் மாப்ள முதல்ல வெடிப்பு உடும்" என்றார் மாமா. அது உண்மைதான். டயர் ரப்பரில் ஓசோனைத் தடுக்க மெழுகு மாதிரி சரக்கு கலந்திருப்பார்கள். சக்கரம் ஓடி ரப்பர் மடங்கி நிமிரும்போதுதான் அது மேலே வந்து காப்பாற்றும். நிறுத்தியே வைத்தால் வெடிப்புதான். அவர் டயரைப் பற்றித்தான் சொன்னார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அக்கா மட்டும் மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் பட்டாளத்தைப் பரணுக்கு அனுப்பவில்லை. முன்பக்க ஓட்டு அறையில் வடக்குச் சுவர் ஓரமாக ஒரு மர அலமாரி. வெயில் விழாத இடம். துவைத்த வேட்டித் துணி விரித்து, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நிறுத்தினோம். ஹீ-மேன் கோஷ்டிக்குத் தனித் தட்டு. முப்பத்தேழாவது ஆளை எங்கே வைப்பது என்று நான் கேட்டேன். மாமா பதில் சொல்லாமல் முன்வரிசையில் நடுவில் வைத்துவிட்டுப் பல் விளக்கப் போய்விட்டார்.

* * *

சென்னை திரும்பி மூன்று வாரம் கழித்து மருமகனிடமிருந்து போன். புதுச்சத்திரத்திலிருந்து பேசினான்.

"மாமா, எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு இருக்குது."

"ம்."

"கட்டை விரல் இல்ல. ஆனா அதேதான்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. கேட்டது கோழிப் பண்ணைப் பக்கத்துக் காற்றுதான். "அப்பா ஒண்ணுமே சொல்லல மாமா. நானும் கேக்கல. ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்துட்டு இருக்கறோம். ஹீ-மேன் கன்னத்துல முட்டை விலை என்னன்னு அப்பா படிச்சுக் காட்டுனாரு."

அதற்கு நாலு நாள் கழித்து மாமாவே போன் செய்தார். வழக்கமாக அக்காதான் நம்பர் போட்டுக் கொடுப்பாள். இது நேர் லைன்.

"மாப்ள, கடைப் பையன்கிட்டச் சொல்லி இன்னும் ரெண்டு டஜன் ரிங்கு வாங்கி வெச்சுட்டேன்."

"எதுக்கு மாமா? அதான் எல்லாருக்கும் மாத்திட்டோமே?"

"பேரன் வெளையாடறான். ஜன்னல் வழியா வெளிய வெளிய தூக்கி எறியறான்."

"அய்யய்யோ! சத்தம் போடுங்க மாமா!"

"எதுக்கு?" என்றார். "அவன் எறியறான். நான் போயி எடுத்துட்டு வர்றேன்."